தொட்டபெட்டாவில் எடுத்த கல் நீலகிரியின் வயதைச் சொல்லுமா?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: நீலகிரிப் பாறைக்கு 250 கோடி ஆண்டு வயது என்கிறார்கள். எவரெஸ்ட் உச்சியில் இருப்பதோ ஆர்டோவீசியன் காலத்துக் கடல் சுண்ணாம்புக்கல், அதற்கும் 44 கோடி ஆண்டுக்கு மேல் வயது. அப்படியிருக்க இமயமலையை ‘இளம் மலை’ என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்? தொட்டபெட்டாவில் ஒரு கல்லை எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தால் நீலகிரி எழுந்த காலத்தைச் சொல்லிவிடுவார்களா? கேட்டவர் இதை இரண்டு கேள்விகளாகக் கேட்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். பாறை பிறந்த நாளும் மலை எழுந்த நாளும் வேறு வேறு. கதிரியக்கக் கடிகாரம் இவற்றில் எதை அளக்கிறது? முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலை உயர்ந்த நாளை இந்தக் கடிகாரம் எதுவும் நேரடியாக அளப்பதில்லை. பாறை ஆழத்திலிருந்து மேலே வரும் வழியில் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே எப்போது குளிர்ந்தது என்பதையே அளக்கிறது. மற்றதெல்லாம் அதிலிருந்து நாம் ஊகித்துப் பெறுவது.

ஓட்டைப் பானையில் நீர் நிற்காது. சூடான கனிமமும் அப்படித்தான். அபடைட் என்ற பாஸ்பேட் கனிமத்துக்குள் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் இருக்கின்றன. ஒரு யுரேனியம்-238 அணு ஈயமாக மாறி முடிவதற்குள் 8 ஹீலியம் அணுக்களை வெளிவிடும். யுரேனியம்-235 ஏழையும், தோரியம்-232 ஆறையும் விடும். பாறை ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் சூடாகக் கிடக்கும்வரை அந்த ஹீலியம் படிகத்திலிருந்து கசிந்து போய்க்கொண்டே இருக்கும். மேலே உள்ள பாறை அரிக்கப்பட்டு, நம் பாறை தரைக்கு நெருங்கி, சுமார் 70 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பிறகுதான் ஓட்டை அடைபட்டு ஹீலியம் சேரத் தொடங்கும். சேர்ந்த ஹீலியத்தையும் மீதமிருக்கும் யுரேனிய, தோரிய அளவையும் அளந்தால் ஓட்டை அடைபட்டு எவ்வளவு காலமாயிற்று என்று தெரியும். அந்த வெப்பநிலையை மூடுவெப்பநிலை என்கிறோம். இதற்கான கணிதத்தை 1973இல் வகுத்துக் கொடுத்தவர் மார்ட்டின் டாட்சன்.

ஒவ்வொரு கனிமத்துக்கும் ஒவ்வொரு முறைக்கும் மூடுவெப்பநிலை வேறுபடும். சிர்க்கான் என்ற கனிமத்தின் யுரேனியம்-ஈயக் கடிகாரம் 900 டிகிரியிலும் அழியாது. அதனால் அது பெரும்பாலும் பாறை உருவான காலத்தையோ உயர்வெப்பத்தில் உருமாறிய காலத்தையோ சொல்கிறது. நீலகிரிக்குச் சொல்லப்படும் 250 கோடி அந்த வகை எண். பொட்டாசியம் சிதைந்து உண்டாகும் ஆர்கானை அளக்கும் முறையில் ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம் சுமார் 500 டிகிரியிலும், மைக்கா வகைகளான மஸ்கோவைட் சுமார் 400லும், பயோடைட் சுமார் 300லும் மூடிக்கொள்ளும். சிர்க்கான் பிளவுத்தடம் (இது என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்) 240 அளவில், சிர்க்கான் ஹீலியம் 180 அளவில், அபடைட் பிளவுத்தடம் 110 அளவில், கடைசியாக அபடைட் ஹீலியம் 70 அளவில். ஒரே கல்லில் இவற்றில் மூன்று நான்கை அளந்தால், அந்தக் கல் எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த வெப்பத்தில் இருந்தது என்ற பயணக் குறிப்பு கிடைக்கும். மலை ஆய்வுக்குத் தேவை இந்தப் பயணக் குறிப்புதான், பிறப்புச் சான்றிதழ் அல்ல. இமயமலையின் உயர்ந்த பகுதியில் ஏறக்குறைய 50 கோடி ஆண்டு வயதுடைய கிரானைட்கள் நைஸ் பாறையாக உருமாறிக் கிடக்கின்றன. அதே பாறையில் உள்ள மைக்காவும் அபடைட்டும் பல இடங்களில் 2 கோடி ஆண்டுக்கும் குறைவான வயதையே காட்டுகின்றன. இரண்டும் சரியான எண்கள். இளம் மலை என்ற பெயர் இரண்டாவது எண்ணிலிருந்தும், இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கிய சுமார் 5 கோடி ஆண்டுக் கணக்கிலிருந்தும் வருகிறது.

பிளவுத்தடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் வேலைமுறை வேறு. யுரேனியம்-238 பெரும்பாலும் ஆல்பாத் துகளை விட்டுத்தான் சிதைகிறது. ஏறத்தாழ 20 லட்சம் சிதைவுக்கு ஒருமுறை அணுக்கரு இரண்டாகப் பிளந்து, இரு துண்டுகளும் எதிரெதிர்த் திசையில் பாய்ந்து படிகத்தில் ஒரு கீறலை விட்டுச் செல்லும். புதிதாக விழுந்த தடம் சுமார் 16 மைக்ரான் நீளம். அபடைட்டை 5.5 மோலார் நைட்ரிக் அமிலத்தில் 21 டிகிரியில் 20 விநாடி வைத்தால் தடங்கள் அரிக்கப்பட்டு நுண்ணோக்கியில் தெரியும். 120 டிகிரிக்கு மேல் தடங்கள் புண் ஆறுவதுபோல் முழுக்க மூடி மறைந்துவிடும். 60க்கும் 120க்கும் இடையில் சுருங்கும். இந்தச் சுருக்கம்தான் இந்த முறைக்குக் கிடைத்த பெரிய வரம். தடங்கள் எல்லாம் 14-15 மைக்ரானாக நீண்டிருந்தால் பாறை விரைவாக மேலே வந்து நின்றிருக்கிறது. குட்டையும் நெட்டையுமாகக் கலந்திருந்தால் அது 60-120 டிகிரி மண்டலத்தில் நெடுங்காலம் தங்கியிருக்கிறது. அப்போது கிடைக்கும் வயது எந்த நிகழ்ச்சியின் தேதியும் அல்ல. நீள அளவீடு இல்லாமல் பிளவுத்தட வயதை மட்டும் தந்து ‘இந்த ஆண்டில் மலை எழுந்தது’ என்று எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள்.

இனி கல்லை எடுப்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பாதி ஆய்வுகள் அங்கேயே கெடுகின்றன. ஓர் இடத்துக்கு 3 முதல் 5 கிலோ வேண்டும். கிரானைட், நைஸ், சார்னோகைட் (நீலகிரியில் காணப்படும், கிரானைட் போன்ற கருமையான பாறை), கரடுமுரடான மணற்கல் ஆகியவை நல்லவை. சுண்ணாம்புக்கல்லிலும் பசால்ட்டிலும் பயன்படும் அளவு அபடைட் கிடைப்பது அரிது. செம்மண்ணாக மக்கிய பாறையை எடுக்கக் கூடாது. அமிலத்தன்மையுள்ள மண்ணில் அபடைட் கரைந்துவிடும். வெயிலும் தீயும் படும் மேற்புறச் சில்லையும் தவிர்க்க வேண்டும்: காட்டுத்தீயின் சூடு பாறையின் மேல் சில சென்டிமீட்டரில் இருக்கும் அபடைட்டின் ஹீலியத்தை வெளியேற்றிவிடும், பிறகு அந்த வயதுக்கு மலையோடு தொடர்பே இருக்காது. எரிமலைக் குழம்பு புகுந்த சுவர்ப்பாறைக்கு அருகிலும், வெந்நீர் ஊற்று ஓடும் பிளவின் ஓரத்திலும் எடுத்தால் அந்த உள்ளூர்ச் சூட்டின் வயதே கிடைக்கும். உயரத்தைக் கைபேசியில் மட்டும் குறிக்காமல் நிலப்பட மாதிரியோடு ஒப்பிட வேண்டும்; செங்குத்தான பள்ளத்தாக்கில் 50 மீட்டர் பிழை சாதாரணமாக வரும்.

ஆய்வகத்தில் கல்லை உடைத்து 250 மைக்ரானுக்குக் கீழே சலிக்கிறார்கள். நீர் மேசையில் இலேசானவற்றைக் கழித்து, காந்தப் பிரிப்பியில் இரும்புள்ள கனிமங்களை நீக்கி, பிறகு அடர்நீர்மங்களில் மிதக்க விடுகிறார்கள். புரோமோஃபார்மின் அடர்த்தி சுமார் 2.89, குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் மிதக்கும், அபடைட்டும் சிர்க்கானும் மூழ்கும். மெத்திலீன் அயோடைடு சுமார் 3.32, அதில் 3.2 அடர்த்தியுள்ள அபடைட் மிதக்கும், 4.6க்கு மேற்பட்ட சிர்க்கான் மூழ்கும். இரண்டும் நச்சு, புகைபோக்கிக்கு அடியில்தான் கையாள வேண்டும். இதற்குப் பிறகு வருவது அலுப்பான, ஆனால் முடிவைத் தீர்மானிக்கும் வேலை: இருகண் நுண்ணோக்கியில் மணி மணியாகப் பொறுக்குவது. ஹீலியம் முறைக்கு அகலம் 60-70 மைக்ரானுக்குக் குறையாத, உடையாத, உள்ளே வேறு கனிமத் துணுக்கு இல்லாத மணிகள் வேண்டும். அபடைட்டுக்குள் ஒரு சின்னஞ்சிறு சிர்க்கான் ஒளிந்திருந்தால் அது ஹீலியத்தைத் தயாரித்துச் சுற்றியுள்ள அபடைட்டுக்கு அனுப்பும். பிறகு நைட்ரிக் அமிலத்தில் அபடைட் கரையும், சிர்க்கான் கரையாது. ஹீலியம் கணக்கில் வரும், அதைப் பெற்ற யுரேனியம் வராது. வயது பொய்யாக முதிர்ந்துவிடும். ஒரே கல்லில் ஐந்து மணிகள் பத்து லட்சம் ஆண்டுக் கணக்கில் 8, 8, 9, 8, 31 என்று வயது காட்டினால் அந்த 31க்கு முதல் சந்தேகம் இதுதான்.

பொறுக்கிய மணியை பிளாட்டினம் அல்லது நியோபியம் குழாயில் இட்டு, வெற்றிடத்தில் லேசரால் 900-1000 டிகிரிக்குச் சில நிமிடம் சூடாக்கி, வெளிவரும் ஹீலியம்-4ஐ அளவு தெரிந்த ஹீலியம்-3உடன் கலந்து, அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்கிறார்கள். இன்னொரு முறை சூடாக்கி, மிச்சம் எதுவும் வரவில்லை என்று உறுதி செய்வது கட்டாயம். பிறகு மணியைக் கரைத்து யுரேனியம், தோரியம், சமாரியம் அளவைக் காண்கிறார்கள். இத்துடன் ஒரு திருத்தம் சேர வேண்டும். ஆல்பாத் துகள் அபடைட்டில் சுமார் 20 மைக்ரான் பாயும். மணியின் விளிம்பில் பிறந்தவை வெளியே போய்விடும். சாதாரண அளவு மணியில் இந்த இழப்பு 20 முதல் 35 சதவீதம் வரை இருக்கும். மணியின் வடிவத்தை அளந்து இதை ஈடுகட்டும் முறையை 1996இல் கென்னத் ஃபார்லி குழு தந்தது. மணி சிறியதாக இருந்தால் திருத்தம் பெரிதாகும், திருத்தத்தின் பிழையும் பெரிதாகும். ஒவ்வொரு தொகுதியோடும் டுராங்கோ அபடைட் போன்ற, வயது தெரிந்த (சுமார் 3.1 கோடி ஆண்டு) படிகத்தையும் ஓட்டி, அதே எண் வருகிறதா என்று பார்ப்பார்கள். பிளவுத்தட முறையில் மணிகளை எப்பாக்ஸியில் பதித்து, மெருகேற்றி, அரித்து, மேலே மைக்காத் தகடு வைத்து, அணு உலையில் நியூட்ரான் பாய்ச்சி, மைக்காவில் விழும் புதிய தடங்களால் யுரேனியத்தை மதிப்பிடுவது பழைய வழி. இப்போது பல இடங்களில் லேசரால் மணியைச் சுரண்டி யுரேனியத்தை நேரடியாக அளக்கிறார்கள். வயதுக்கு 20 மணிகளாவது வேண்டும், நீளத்துக்கு 100 தடம். மிக இளம் பாறையில் இந்த முறை திணறும்: பத்து லட்சத்தில் பத்துப் பங்கு யுரேனியம் உள்ள, 10 லட்சம் ஆண்டு வயதுள்ள அபடைட்டில் பெரும்பாலான மணிகளில் ஒரு தடம்கூட இருக்காது.

இதுவரை சொன்னது அளவீடு. அது பெரும்பாலும் உறுதியானது. வயதிலிருந்து அரிப்பின் வேகத்தைக் கணக்கிடும் இடத்தில்தான் கவனம் வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அபடைட் பிளவுத்தட வயது 40 லட்சம் ஆண்டு, மூடுவெப்பநிலை 110, தரையில் 10 டிகிரி, ஆழம் கிலோமீட்டருக்கு 25 டிகிரி வீதம் சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 டிகிரியை 25ஆல் வகுத்தால் 4 கிலோமீட்டர். 40 லட்சம் ஆண்டில் 4 கிலோமீட்டர் பாறை மேலிருந்து நீங்கியிருக்கிறது, ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர். அதே இடத்தில் வெப்பம் கிலோமீட்டருக்கு 40 டிகிரி வீதம் கூடினால் ஆழம் 2.5 கிலோமீட்டராகக் குறையும், வேகம் 0.6 மில்லிமீட்டர்தான். அளந்த வயது மாறவே இல்லை, பதில் மாறிவிட்டது. இப்போது அதே கல்லில் ஹீலியம் வயது 20 லட்சம் என்று கிடைக்கிறது. மூடுவெப்பநிலை 70, வீதம் 25 என்று கொண்டால் முதல் 20 லட்சம் ஆண்டில் 1.6 கிலோமீட்டர், அடுத்த 20 லட்சத்தில் 2.4 கிலோமீட்டர். அரிப்பு ஒன்றரை மடங்கு வேகம் பிடித்துவிட்டது என்று எழுதத் தோன்றும். ஹீலியத்தின் மூடுவெப்பநிலையை 70க்குப் பதில் 60 என்று வையுங்கள்: இரண்டு காலத்திலும் சரியாக 2 கிலோமீட்டர். வேகம் பிடித்த கதை மறைந்துவிட்டது. அந்த 10 டிகிரி கற்பனை அல்ல. மணியின் அளவு, குளிர்ந்த வேகம், கதிர்வீச்சால் படிகத்துக்கு ஏற்பட்ட சேதம் ஆகிய மூன்றுமே மூடுவெப்பநிலையை அந்த அளவுக்கும், சேதம் மிகுந்தால் அதற்கு மேலும் நகர்த்தும். அதனால்தான் இப்போது ஒற்றை எண்ணை வைத்து வகுத்துப் பார்ப்பதோடு நிற்காமல், எல்லா மணிகளின் அளவையும் யுரேனிய அளவையும் தட நீளத்தையும் சேர்த்து, எந்தெந்த வெப்ப வரலாறுகள் அவற்றோடு ஒத்துப்போகின்றன என்று கணினியில் தேடுகிறார்கள். நல்ல ஆய்வு ஒரு கோட்டைத் தராது, அகலமான ஒரு பட்டையைத் தரும்.

இந்தச் சிக்கலைச் சற்று எளிதாக்க ஒரு வழி உண்டு: ஒரே மலைச்சரிவில் அடியிலிருந்து உச்சி வரை வரிசையாகக் கல் எடுப்பது. உச்சிப் பாறை மூடுவெப்பப் பரப்பை முதலில் கடந்திருக்கும், அடிப்பாறை கடைசியில். 1,000 மீட்டர் உயர வேறுபாட்டுக்கு வயது வேறுபாடு 20 லட்சம் ஆண்டு என்றால் வேகம் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர். வெப்பம் ஆழத்தோடு கூடும் வீதம் தெரிய வேண்டியதில்லை. அலாஸ்காவின் டெனாலி இதற்குப் பாடநூல் உதாரணம். 6,190 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் சுமார் 4 கிலோமீட்டர் உயர வேறுபாட்டில் கல் எடுத்தார்கள். உச்சி அருகே அபடைட் பிளவுத்தட வயது சுமார் 1.6 கோடி, அடியில் சுமார் 40 லட்சம். 4,500 மீட்டர் உயரத்தில் கோடு சட்டென மடங்குகிறது, அங்கே வயது சுமார் 60 லட்சம். அதற்கு மேலே உள்ள தடங்கள் சுருங்கியவை, கீழே உள்ளவை நீண்டவை. அதாவது 60 லட்சம் ஆண்டுக்கு முன்பு வரை அந்தப் பாறைகள் சுருங்கும் மண்டலத்தில் சும்மா இருந்தன, பிறகு வேகமாக மேலே வந்தன. இந்த உத்தியிலும் ஒரு பொறி இருக்கிறது. அகன்ற மலைக்கு அடியில் சமவெப்பப் பரப்புகள் தட்டையாக இருப்பதில்லை. மேட்டுக்கு அடியில் மேலெழுந்தும் பள்ளத்துக்கு அடியில் தாழ்ந்தும் நில வடிவத்தைப் பின்தொடரும். பள்ளத்தாக்கிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளிப் படிப்படியாக ஏறிக் கல் எடுத்தால் உண்மையைவிட அதிக வேகம் கிடைக்கும். கிடைமட்டத் தொலைவு குறைவான செங்குத்துச் சரிவே நல்லது. நடுவில் ஒரு பிளவுப்பெயர்ச்சி, அதாவது பாறை உடைந்து இரு பக்கமும் நகர்ந்த கோடு, குறுக்கிட்டால் வரிசை பாழ்.

வேகம் மிகும்போது என்ன ஆகும் என்பதைக் காண, இமயமலையின் மேற்குக் கோடியில் உள்ள நங்க பர்பத்தை விட நல்ல இடம் இல்லை. 8,126 மீட்டர் உச்சிக்கும் அதைச் சுற்றி வளைத்து ஓடும் சிந்து நதிக்கும் இடையே சுமார் 7 கிலோமீட்டர் உயர வேறுபாடு. 1980களிலிருந்து புவியியலாளர் பீட்டர் சைட்லரும் அவரோடு வேலை செய்தவர்களும் அங்கே எடுத்த வயதுகள் இளமையிலும் இளமை. மலையின் நடுப்பகுதியில் பயோடைட் வயதே சுமார் 10 லட்சம் ஆண்டு. ஏறக்குறைய 10 லட்சம் ஆண்டுக்கு முன் ஆழத்தில் உறைந்த கிரானைட் இன்று மேலே தெரிகிறது. கிலோமீட்டருக்கு 30 டிகிரி என்று வைத்து 300 டிகிரியை வகுத்தால் ஆண்டுக்கு 10 மில்லிமீட்டர் வரும். ஆனால் பாறை இவ்வளவு வேகமாக மேலே வரும்போது தன் சூட்டையும் சுமந்துகொண்டு வரும், ஆறுவதற்கு நேரம் இல்லை. தரைக்கு அருகே வெப்ப வீதம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. சிந்துக் கரையோரம் கொதிக்கும் ஊற்றுகள் அதற்குக் கண்கூடான சாட்சி. வீதத்தை 60 என்று வைத்தால் வேகம் 5 மில்லிமீட்டராக இறங்கும். அதுவே உலகின் மிக வேகமான இடங்களில் ஒன்று. மலை ஏன் அங்கே மட்டும் இப்படி வீங்கி எழுகிறது என்பதற்கு, நதி அறுத்து இலேசாக்கிய மேலோட்டின் வழியே சூட்டால் வலுவிழந்த பாறை பிதுங்குகிறது என்று சைட்லர் குழு 2001இல் விளக்கம் தந்தது. வயதுகளில் எனக்கு ஐயம் இல்லை. நதி முதலா, தட்டு அழுத்தம் முதலா என்பதை வயதுகள் மட்டும் தீர்க்காது.

காரணத்தைத் தேடும்போது எல்லாம் இந்த எச்சரிக்கை பொருந்தும். பருவமழை இமயமலையை அரித்து மேலே இழுக்கிறது என்ற கருத்து அழகானது. நேபாளத்தின் மர்ஸ்யாந்தி ஆற்றுப் பள்ளத்தாக்கில் தெற்கிலிருந்து வடக்கே போகப் போக மழை பல மடங்கு குறைகிறது. 2003இல் அங்கே வெளியான அபடைட் பிளவுத்தட ஆய்வில், நீண்டகால அரிப்பு வேகம் மழையோடு சேர்ந்து குறையவில்லை. உலகெங்கும் மலைகளில் அரிப்பு வேகம் கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில் கூடியது, காரணம் பனியுகக் குளிர் என்று 2013இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. அந்தக் கூடுதலில் பெரும்பகுதி, பிளவுகளின் இரு பக்கத்து வயதுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டதால் வந்த மாயை என்று 2018இல் மற்றொரு குழு மறுத்தது. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கும் அப்படியே. 2012இல் ஹீலியம் வயதுகளை வைத்து அதன் மேற்குப் பகுதி சுமார் 7 கோடி ஆண்டுக்கு முன்பே வெட்டப்பட்டது என்றார்கள். 2014இல் வேறு குழு, பழைய துண்டுகள் சில இருந்தாலும் முழுப் பள்ளத்தாக்கு இணைந்தது 50-60 லட்சம் ஆண்டுக்கு முன்புதான் என்றது. அளக்கத் தெரியாதவர் இரண்டு பக்கத்திலும் இல்லை. 70 டிகிரி என்பது ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழம். அதைவிட ஆழம் குறைந்த பள்ளத்தை வெட்டுவதை இந்தக் கடிகாரம் மங்கலாகத்தான் பார்க்கும்.

மலையில் ஏற முடியாவிட்டால் ஆறு கொண்டுவந்த மணலைப் படிக்கலாம். இமயமலையின் சிதைவுகள் சிவாலிக் மலையடியிலும் வங்காள விரிகுடாவின் அடியிலும் கிலோமீட்டர் கணக்கில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஒரு வண்டல் படிந்த காலமும், அதில் உள்ள மைக்கா மலையில் குளிர்ந்த காலமும் தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள இடைவெளியே மலையின் அன்றைய வேகத்தைக் காட்டும்: இடைவெளி குறைந்தால் வேகம் அதிகம். 1987இல் வங்காள விரிகுடாவுக்குத் தெற்கே கடலடியில் துளையிட்டு எடுத்த வண்டல்களில், மயோசீன் கால (சுமார் 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுக்கு முன்பு வரை) அடுக்குகளிலும்கூடப் படிந்த காலத்துக்குச் சற்று முன்புதான் குளிர்ந்த மணிகள் இருந்தன. அப்போதே இமயமலையின் சில பகுதிகள் விரைவாக அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன என்பதற்கு இது உறுதியான சான்று. எங்கே என்பதை மணல் சொல்லாது. எண்ணிக்கையும் முக்கியம்: மொத்தத்தில் 5 சதவீதம் இருக்கும் ஒரு வயதுக் கூட்டமும் தப்பாமல் இருக்க 95 சதவீத உறுதி வேண்டுமானால் 117 மணிகளை அளக்க வேண்டும். 40 மணிகளை வைத்துக்கொண்டு ‘இந்தக் காலத்து மணி இல்லை’ என்று சொல்வது சரியல்ல.

உயரம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பாறை மேலே ஏறுவது, தரை மேலே ஏறுவது, மேல்மூடி அரிந்து பாறை வெளிப்படுவது, இவை மூன்றும் வேறு வேறு என்பதை 1990இல் பிலிப் இங்கிலாந்தும் பீட்டர் மோல்னாரும் வலியுறுத்தி எழுதினார்கள். பாறை ஏற்றம் என்பது தரை ஏற்றத்தையும் வெளிப்படுதலையும் கூட்டிய தொகை. குளிர்ந்த வயது சொல்வது வெளிப்படுதலை மட்டுமே. ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் ஏறி 1 மில்லிமீட்டர் அரிக்கப்படும் மலை ஒரு அடிகூட உயராது, ஆனால் இளம் வயதுகளைத் தந்துகொண்டே இருக்கும். திபெத் மேட்டுநிலம் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருந்தும் உட்பகுதியில் அரிப்பு சொற்பம், அதனால் அங்கே குளிர்ந்த வயதுகள் முதிர்ந்தவை. உயரத்தைத் தேட இலைப் புதைபடிவங்கள், பழைய மழைநீரின் ஆக்சிஜன் ஐசோடோப்பு போன்ற வேறு வழிகள் உண்டு. அவற்றின் பிழை எல்லை பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும்.

இனி தொட்டபெட்டாக் கல். அது சார்னோகைட்டாக இருக்கும், அபடைட்டும் சிர்க்கானும் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. சிர்க்கானின் யுரேனியம்-ஈயம் 250 கோடி ஆண்டு அளவில் ஓர் எண் தரும், அது மேலோட்டின் ஆழத்தில் பாறை உருமாறிய காலம். அபடைட் பிளவுத்தடத்தில் இமயமலை போல லட்சக் கணக்கை எதிர்பார்க்காதீர்கள். தென்னிந்தியாவின் மேற்கு விளிம்பில் யானி குனெல் குழு 2003இல் தொகுத்தது உட்பட இதுவரை வந்த ஆய்வுகளில் வயது பத்துக் கோடி ஆண்டு என்ற அளவில்தான் பேசப்படுகிறது. உதாரணத்துக்கு 20 கோடி என்று வைத்து, பழைய குளிர்ந்த மேலோட்டுக்கு ஏற்ப வீதத்தைக் கிலோமீட்டருக்கு 20 டிகிரி என்று கொண்டால், சுமார் நாலரைக் கிலோமீட்டர் பாறை 20 கோடி ஆண்டில் போயிருக்கிறது. 10 லட்சம் ஆண்டுக்கு இருபது சொச்சம் மீட்டர். நங்க பர்பத்தின் வேகத்தில் இருநூறில் ஒரு பங்கு. இவ்வளவு மெதுவாக வரும் பாறை சுருங்கும் மண்டலத்தில் பல கோடி ஆண்டு தங்கும். அதனால் மடகாஸ்கர் சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன் பிரிந்தபோது மலைவிளிம்பு எழுந்ததா, அதற்கு முன்பா பின்பா என்பதை ஒரு கல்லின் வயதில் தேட முடியாது. தட நீளமும், யுரேனியம் குறைந்த மணியும் மிகுந்த மணியும் கலந்த ஹீலியம் அளவீடும் இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

செய்ய வேண்டுமென்றால் ஒரு கல் போதாது. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். குன்னூர் மலைச்சாலையோரம் 300 மீட்டருக்கு ஒன்றாக எட்டுக் கல் எடுத்தால் ஒழுங்கான வரிசை கிடைக்கும். அடிவாரத்தில் பவானி மண்டலமும் வடக்கே மோயாறு மண்டலமும், அதாவது பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பழைய பட்டைகள், இருக்கின்றன. கீழ்க் கற்கள் இரண்டும் அந்தப் பட்டைக்கு எந்தப் பக்கம் என்று நிலவியல் வரைபடத்தில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். காட்டுப் பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். இந்தியாவில் பிளவுத்தட வேலைக்கு குருக்ஷேத்ரப் பல்கலைக்கழகத்திலும் டேராடூன் வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனத்திலும் நீண்ட மரபு உண்டு. அவர்களுடைய வெளியீடுகளிலிருந்து தொடங்கலாம்.

நீலகிரி இன்று எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதுதான் உங்கள் உண்மையான ஆர்வம் என்றால் வேறு கடிகாரத்தைத் தேடுங்கள்: தரையில் கிடக்கும் குவார்ட்சில் விண்கதிர்கள் உண்டாக்கும் பெரிலியம்-10. அது ஆயிரம் முதல் சில லட்சம் ஆண்டுக் கணக்கைப் பார்க்கும், அதை அளக்கும் வசதி டெல்லியில் உள்ள துகள் முடுக்கி மையத்தில் இருக்கிறது. நீலகிரியைப் போன்றே பழைய பாறையும் செங்குத்துச் சரிவும் கனமழையும் கொண்ட இலங்கை மத்திய மலைநாட்டில் 2003, 2004இல் இதைச் செய்தார்கள். மகாவலியின் மேல்நீர்ப்பிடிப்பில் இயற்கையான அரிப்பு வேகம் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. பயிரிட்ட சரிவுகளில் மண் போகும் வேகம் அதைப்போல் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை. தேயிலைச் சரிவும் சோலைக்காடும் அடுத்தடுத்து இருக்கும் நீலகிரியின் குந்தா ஓடைகளில் இதே அளவீட்டுக்கு, ஒவ்வொரு ஓடையின் வாயிலும் ஒன்றிரண்டு கிலோ மணல் போதும்.